கமர்கட்டை முதலில் காய்ச்சியது யார்?

ரொம்ப காலத்துக்கு முன்னால் மணலூர் நாட்டைக் குலமாணிக்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று சொல்வது சும்மா ஒரு பேச்சுக்குத்தான். நாட்டைக் கட்டி இழுத்தது அமைச்சர் நல்லுடையார். ராஜா கமர்கட்டு தின்றான். அதையும் சப்பித் தின்னப் பொறுமை கிடையாது, வாயில் போட்டதும் கடக்கென்று கடித்துவிடுவான். அரண்மனை வைத்தியருக்குப் பாதி வேலை ராஜாவின் கடைவாய்ப் பல்தான்.

ஒரு நாள் காலையில், ஏரிக்கரை உடையப்போகிறது என்று சொல்ல நல்லுடையார் வாயெடுத்தார். ராஜா கையை உயர்த்தினான்.

"அது கிடக்கட்டும் அமைச்சரே. இந்தக் கமர்கட்டை முதன்முதலில் காய்ச்சியது யார்?"

நல்லுடையாருக்கு நெற்றிப்பொட்டில் வலி ஆரம்பித்தது. போன கோடையில் இப்படித்தான் விசிறியைக் கண்டுபிடித்தவருக்கு விழா எடுக்கக் கிளம்பி, ஆள் கிடைக்காமல் கடைசியில் ஒரு பனைமரத்துக்குப் பட்டு சாத்திவிட்டு வந்தார்கள்.

"தெரியாது மன்னா. ஏரிக்கரை..."

"தெரியாதென்றால் கண்டுபிடியுங்கள். விழா எடுப்போம். அந்த வம்சத்தார் மட்டும்தான் இனிமேல் கமர்கட்டு காய்ச்ச வேண்டும். மற்ற அடுப்புகளை இடித்துவிடலாம்."

தெற்குத் தெருவில் வீட்டுக்கு வீடு கமர்கட்டு அடுப்புதான். அத்தனை பேருக்கும் அதில்தான் சோறு. நல்லுடையார் அதைச் சொல்வதற்குள் பண்டசாலை அதிகாரி வெண்காடன் எழுந்துவிட்டான். அமைச்சரை யாராவது பாராட்டினாலே வயிறு எரிகிற ஆள்.

"சொல்லவே கூச்சமாக இருக்கிறது மன்னா. காய்ச்சியது என் கொள்ளுத்தாத்தாதான். தங்கள் கொள்ளுத்தாத்தாவின் கல்யாணத்தன்று, இதே அரண்மனை அடுப்பில்."

ராஜா இறங்கி வந்து அவனைக் கட்டிக்கொண்டான். மறுநாளே உரிமைப் பட்டயம், அன்றைக்கே அடுப்பு இடிப்பு என்று முடிவாயிற்று. நல்லுடையாருக்கோ அந்தக் கல்யாணத்தின் பேரைக் கேட்டாலே எரிச்சல். அன்றைக்குப் பந்தியில் அதிரசம் வரவில்லை. பெண் வீட்டார் நாட்டுக்கு அவர் எந்த வேலையாகப் போனாலும் இன்றுவரை "வாங்க, அதிரசம் போடாத கல்யாணக்காரரே" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சாயங்காலம் தெற்குத் தெருவிலிருந்து பவளாயி வந்தாள். பரம்பரையாகக் கமர்கட்டு காய்ச்சுகிறவள்.

"ஐயா, அந்த ஆளுக்கு அடுப்புப் பத்தவைக்கவே தெரியாது. எங்க அடுப்பை இடிச்சா நாங்க எதைத் தின்கிறது?"

"என்னைக் கேட்டால்? இதற்கெல்லாம் முதல் ஆள் என்று ஒருவன் இருப்பானா? உன் வீட்டில் முதலில் யார் காய்ச்சினார்கள், உனக்குத் தெரியுமா?"

பவளாயி சிரித்துவிட்டாள். அவள் பாட்டனாரின் அம்மா அதிரசத்துக்குப் பாகு வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டைக்குப் போனாளாம். திரும்பி வந்தால் பாகு கல்லாகியிருந்ததாம். வெல்லத்தை வீணாக்க மனசு வராமல் தேங்காயைப் போட்டு உருட்டினாளாம். தெருவில் எல்லார் வீட்டுக் கதையும் கிட்டத்தட்ட அதுதானாம்.

நல்லுடையாருக்குத் தலைவலி கொஞ்சம் விட்டது.

மறுநாள் அவையில் அவர் வெண்காடனை வாயாரப் புகழ்ந்தார். நல்ல காரியத்தை இனிப்போடு தொடங்கலாம், மன்னரே தம் கையால் அதிரசப் பாகு காய்ச்சட்டும் என்றார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. பவளாயி அவை நடுவில் அடுப்பு மூட்டி, வெல்லத்தைக் கரைத்து, கரண்டியை அவன் கையில் கொடுத்தாள். தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளவேண்டும், அதுதான் பதம் என்று சொல்லியும் கொடுத்தாள்.

பாகு நுரைக்கத் தொடங்கியதும் நல்லுடையார் மெதுவாகக் கேட்டார். "மன்னா, அந்தக் கரடி வேட்டை..."

அவை முழுக்கப் பெருமூச்சு விட்டது. அந்தக் கதை அரண்மனைத் தூண்களுக்கே மனப்பாடம். ராஜா கரண்டியை வேலாகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தான். கரடி இன்னும் புதரைவிட்டே வெளியே வரவில்லை, பாகு கருத்துக் கெட்டிப்பட்டது. பவளாயி ஏதோ சொல்ல வந்தாள். நல்லுடையார் முறைத்தார்.

கரடி செத்த பிறகுதான் ராஜாவுக்குப் பாகு ஞாபகம் வந்தது. பவளாயி ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டித் தட்டில் போட்டாள். டங் என்றது.

"யார் கெடுத்தது இதை?" என்றான் ராஜா.

"கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் மன்னா."

பவளாயி அவசரமாகத் தேங்காயைக் கொட்டிக் கிளறி உருட்டிக் கொடுத்தாள். ராஜா கடக்கென்று கடித்தான். முகம் மலர்ந்தது. "இது கமர்கட்டு அல்லவா?"

"அதிரசப் பாகைக் கெடுத்தால் கமர்கட்டு. முதலில் காய்ச்சியவரும் தங்களைப் போலத்தான், அடுப்பை மறந்து பேசிக்கொண்டிருந்திருப்பார்." நல்லுடையார் வெண்காடன் பக்கம் திரும்பினார். "ஆக, நம் மன்னர் வீட்டுக் கல்யாணத்தில் அதிரசம் ஏன் வரவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது. உம்முடைய கொள்ளுத்தாத்தா கெடுத்துவிட்டார், அப்படித்தானே?"

ராஜா மெல்லுவதை நிறுத்தினான். கொள்ளுத்தாத்தா காலத்து அவமானம் மொத்தமும் அவன் கண்ணில் ஏறியது.

"இல்லை மன்னா," என்றான் வெண்காடன். குரல் கீச்சென்று வந்தது. "அவர் அந்தக் கல்யாணத்துக்கே வரவில்லை. அவருக்குச் சமைக்கவும் தெரியாது. நான்தான் சும்மா..."

"சும்மா?"

"பொய் சொன்னேன் மன்னா."

பட்டயம் அடுப்புக்குள் போயிற்று. விழாவைத் தெற்குத் தெருவுக்கே எடுப்பதென்றும், அது முடியும்வரை அங்கே எல்லார் வீட்டுப் பாகுச்சட்டியையும் வெண்காடன்தான் சுரண்டிக் கழுவவேண்டும் என்றும் உத்தரவாயிற்று. பாகைக் கெடுத்தவர்கள் எல்லாருக்கும் உரிமை உண்டு, தனக்கும்தான் என்று ராஜா மார்தட்டினான். பவளாயி அடுப்பைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

"உமக்கு என்ன வேண்டும் அமைச்சரே, கேளும்."

நல்லுடையார் தட்டிலிருந்த கமர்கட்டில் ஆகப் பெரியதை எடுத்தார். "இதை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். இது கரைகிறவரைக்கும் நான் ஏரிக்கரையைப் பற்றிச் சொல்வேன், தாங்கள் கேட்கவேண்டும். சொல்லச் சொல்லத் தலையாட்டினால் போதும். கடிக்கக்கூடாது."

கன்னம் புடைக்க ராஜா தலையாட்டினான். ஆட்டிய இடம்வரைக்கும் கல் வைத்துக் கட்ட உத்தரவு எழுதப்பட்டது. நல்லுடையார் வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். வடக்கு முனை, அரசமரத்தடி, படித்துறை, மதகு...

கடக்.

மணலூர் ஏரியில் மதகு வரைக்கும் கரை கல்லாலும், அதற்கு அப்பால் வெறும் மண்ணாலும் இருப்பது அதனால்தான்.