தட்டினால் நிற்கிற வண்டி

“மூணுல எதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிரு தாயி. சுத்தி வளைக்காத.”

சொல்லிக்கொண்டே மூன்று இரும்புத் துண்டுகளை மைமூனின் மேஜைமேல் வைத்தான் வீரணன். வைத்தான் என்பதைவிட அறைந்தான் என்பது சரி.

மூன்றும் டை ராடு எண்டு. உள்ளங்கை நீளம்தான் இருக்கும். ஸ்டியரிங் சொல்வதை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். அது கழன்றால் ஸ்டியரிங் ஒரு பக்கம் போகும், சக்கரம் தன் பாட்டுக்கு வேறு பக்கம் போகும்.

போடியில் மைமூன் ஸ்டியரிங் வேலை மட்டும்தான் பார்ப்பாள். பிரேக் என்று வந்தால் அடுத்த பட்டறையைக் கைகாட்டிவிடுவாள். வீரணனைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவளிடம் போய் யோசனை கேட்க வேண்டியிருப்பதே அவனுக்கு முள்ளாகக் குத்தியது.

“எங்க வாங்குனீங்க?”

“எல்லாம் பாத்துட்டுத் தர்றேன்னு எடுத்துட்டு வந்ததுதான். இது கம்பெனி சரக்கு, பெட்டியோட. விலையில இம்மியும் இறங்க மாட்டேன்னுட்டான். இது அதே அச்சு, ஆனா எங்க செஞ்சதுன்னு எவனுக்கும் தெரியாது. கடைக்காரனைக் கண் கலங்க வச்சிட்டுத்தான் எடுத்தேன். இது காயலான் கடை. கிரீஸ் அடைச்சு, பெயிண்ட் அடிச்சு, மாப்பிள்ளை மாதிரி ஆக்கி வச்சிருக்கான். கிட்டத்தட்ட சும்மா.”

மைமூன் எதையும் தொடவில்லை.

வீரணன் பதின்மூன்று வயதில் லாரி கழுவ வந்தவன். யாரும் அவனுக்கு எதையும் சும்மா கொடுத்ததில்லை. அதனால் யார் எந்த விலை சொன்னாலும் அது அவனுக்குப் பொய்தான். கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவரிடமும் பேரம் பேசுவான். அப்படிப் பேசிப் பேசித்தான் இந்த பிக்கப் வண்டியை வாங்கினான்.

“நாளைக் காலையில அஞ்சரைக்குப் பன்னெண்டு பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு ஏலத்தோட்டத்துக்கு மேல போகணும்,” என்றான். “ஒரு நாள் வண்டி வரலைன்னா கங்காணி வேற வண்டி வச்சிருவான். அப்புறம் சீசன் முடியிற வரைக்கும் நானும் வண்டியும் புளியமரத்தடியில உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்கணும். சீக்கிரம் சொல்லு.”

அவள் ஜாக்கியைக் கொடுத்து வண்டியைத் தூக்கினாள். இடது சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள்.

டொக். டொக். டொக்.

வலது பக்கம் போய் ஆட்டினாள்.

டொக்.

“எத்தனை நாளா இப்படி?”

“எனக்கு ஒண்ணும் தெரியல. கைக்கு நல்லாத்தான் இருக்கு. நேத்து பஞ்சர் ஒட்டுனவன் சொல்லித்தான் தெரியும்.”

“அதுக்கு முன்னாடி யாரும் சொல்லலையா?”

“யாரு சொல்லுவா? பின்னாடி வர்ற பொம்பளைங்கதான். பத்து நாளா ஒரே கூத்து. ரெண்டாவது வளைவு வந்தாப் போதும், கேபினைப் போட்டுத் தட்டுவாளுக.”

அந்தப் பக்கத்தில் அது ஒரு எழுதாத சட்டம். பின்னால் பாடியில் உட்கார்ந்து வருகிறவர்கள் கேபின் கூரையைத் தட்டினால் டிரைவர் நிறுத்த வேண்டும்.

“நிறுத்துனீங்களா?”

“மலைப்பாதையில எங்க நிறுத்துறது? ஒண்ணும் ஆகாது, பேசாம உக்காருங்கன்னு ஒரு சத்தம் போடுவேன். அடங்கிருவாளுக.”

மைமூன் ஜாக்கியை இறக்கினாள். கையைத் துடைத்தாள். நீட்டினாள்.

“சாவி.”

“முதல்ல எதை மாட்டப் போறேன்னு சொல்லு.”

“கேட்டுத்தான் சொல்லணும்.”

“யாருகிட்ட?”

அவள் அவன் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். வீரணன் முணுமுணுத்துக்கொண்டே இடது பக்கக் கதவைத் திறந்தான்.

“அங்க இல்லண்ணே. பின்னாடி.”

“என் வண்டியில நான் பின்னாடி ஏறணுமா?”

“ஒரு நாளாச்சும் ஏறியிருக்கீங்களா?”

திட்டுவதற்கு வாயைத் திறந்தவன் யோசித்தான். வண்டி வாங்கி ஒன்பது வருடம். மூட்டை அடுக்க ஏறியிருக்கிறான். கயிறு கட்ட ஏறியிருக்கிறான். வண்டி ஓடும்போது ஏறியதில்லை.

“சீக்கிரம் முடி,” என்று ஏறினான்.

வண்டி அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டி மலைப்பாதையில் திரும்பியது. அவள் மெதுவாகத்தான் ஓட்டினாள். சைக்கிள்காரன் முந்திப் போயிருப்பான்.

வீரணன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிடித்த இடத்தில் பெயிண்ட் இல்லை. அங்கே மட்டும் இரும்பு வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. அந்தப் பக்கம் பார்த்தான். அங்கேயும் அப்படித்தான்.

கேபின் கூரையில் ஒரு பள்ளம் இருந்தது. போன வாரம் கண்ணில் பட்டபோது குரங்கு குதித்திருக்கும் என்று நினைத்து ஊரில் இருக்கிற குரங்கையெல்லாம் திட்டியிருந்தான்.

முதல் வளைவு. முன்பக்கம் ஒழுங்காகத் திரும்பியது. பின்பக்கம் ஒரு நொடி தாமதித்து, அப்புறம் யாரோ வாலைப் பிடித்துச் சுண்டியதுபோல் வெளியே வீசியது.

சரி, என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

இரண்டாவது வளைவு. தடுப்புச்சுவர் தெரிந்தது. அதற்கப்பால் எதுவும் தெரியவில்லை. வெகு கீழே தென்னந்தோப்பு, கீரைப் பாத்தி போலக் கிடந்தது. வண்டி சுவர்ப் பக்கம் சாய்ந்தது, விலகியது, மறுபடி சாய்ந்தது. எந்தப் பக்கம் போகப் போகிறது என்பது அதற்கே தெரியாததுபோல் இருந்தது.

அவன் கை தானாகவே போய்க் கூரையைத் தட்டியது.

வண்டி நிற்கவில்லை.

இரண்டு கையாலும் தட்டினான். பள்ளத்தின் மேலேயே தட்டினான்.

“ஏய், நிறுத்து. நிறுத்துங்கிறேன்ல.”

ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது.

“ஒண்ணும் ஆகாதுண்ணே. பேசாம உக்காருங்க.”

வளைவு தாண்டி அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பினாள். பட்டறை வந்து சேரும்வரை அவன் கம்பியை விடவில்லை. 

இறங்கியதும் பயத்தை மறைக்கக் கோபப்பட்டான்.

“இந்த ஆட்டத்தை வச்சுக்கிட்டு மலை ஏறுனியே, உனக்குப் பயமே இல்லையா?”

“என் கையில ஸ்டியரிங் இருந்துச்சேண்ணே.”

மேஜைமேல் மூன்றும் அப்படியே கிடந்தன. மைமூன் அவற்றைப் பார்க்கவில்லை. அவனையும் பார்க்கவில்லை. டீ வாங்கிவர ஆள் அனுப்பினாள்.

வீரணன் இரண்டை எடுத்துப் பையில் போட்டான். பெட்டியோடு இருந்ததை அங்கேயே விட்டான்.

“வலது பக்கத்துக்கும் இதே மாதிரி இன்னொண்ணு எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் பட்டறையைச் சாத்திராத.”

கம்பெனி சரக்கு விற்கிற கடைக்காரர் அவன் வருவதைப் பார்த்ததும் கணக்குப் போடும் மிஷினை மறைத்துவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துத் தொண்டையைத் தயார் செய்துகொண்டார். அவன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். எண்டைக் கையில் வாங்கிக் குமிழை அசைத்துப் பார்த்தான். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். இரண்டு எண்டுக்கும் உள்ள விலையை எடுத்து வைத்தான்.

கடைக்காரர் பணத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

“உடம்புக்கு எதுவும் முடியலையாண்ணே?”

“மூடிக்கிட்டுப் பில்லைப் போடுய்யா.”

இரண்டு பக்கமும் மாட்டி, சக்கரத்தை நேர்பிடித்து முடிக்கிறவரை பட்டறையை விட்டு அவன் நகரவில்லை. ஒவ்வொரு நட்டையும் குனிந்து பார்த்தான். மைமூனின் கூலிக்கு மட்டும் வழக்கம்போல் பேரம் பேசினான். அவள் இறங்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பன்னிரண்டு பேரும் ஏறினார்கள். அவன் பின்கதவைச் சாத்திக் கொக்கியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். அதை அவர்கள் பார்த்தார்கள். 

முந்தல் தாண்டியது. முதல் வளைவு தாண்டியது. பின்னால் சிரிப்பும் பேச்சுமாக இருந்தது.

இரண்டாவது வளைவில் பேச்சு நின்றது.

தட். தட்.

வீரணன் பிரேக்கை மிதித்தான். ஓரம் கட்டினான். சக்கரத்துக்குக் கல் வைத்தான். மண்ணில் மண்டியிட்டு இடது சக்கரத்தை ஆட்டிப் பார்த்தான். சத்தமில்லை. வலது பக்கம் போய் ஆட்டினான். சத்தமில்லை. அடியில் தலையை விட்டுப் பார்த்தான். மூச்சு வாங்க, சட்டையெல்லாம் மண்ணாக எழுந்து நின்றான்.

மேலே கம்பியைப் பிடித்தபடி பன்னிரண்டு முகங்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

“என்னத்தா ஆச்சு? எங்க ஆடுது?”

முன்னால் நின்ற ஒச்சம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“எங்கயும் ஆடலண்ணே. தட்டினா நிக்குதான்னு பாத்தோம்.”