அவர் இல்லாத படம்

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள். மூளை, நரம்பு என்று பேசப்போய் ஒரு சொல் பிசகினாலும், எனக்கு விளக்கியவர்கள் சொன்னதையே கெடுத்தவள் ஆகிவிடுவேன். புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

மூளைக்குள் நரம்புகள் போகும் பாதைகளுக்குப் பேராசிரியர் ஜெயசீலி ஒரு மாதிரிப் படம் தயாரித்துக்கொண்டிருந்தார். நோயில்லாத பலரை ஸ்கேன் எடுத்து, எல்லாப் படங்களையும் ஒன்றாக்கிச் செய்வது. எந்த ஊர் மருத்துவரும் தன் நோயாளியின் படத்தை அதன்மேல் பொருத்திப் பார்க்கலாம். எப்படிச் செய்தார்கள், எப்படிப் பயன்படுத்துவது என்ற விளக்கத்தை எழுதியவர் அவருடைய மாணவர் சர்புதீன். மாணவர் என்றாலும் ஆசிரியரைவிட வயதில் மூத்தவர்; வங்கி வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர்.

அந்தப் பலரில் என் வீட்டுக்காரரும் ஒருவர். "என் தலைக்குள்ள ஒண்ணுமில்லன்னு சொல்வியே, இப்ப படமே எடுத்தாச்சு" என்று அன்றைக்குச் சிரித்தார். போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார்.

அவரைத் திருப்பிக் கேட்கப் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். முகம் தெரியாத கூட்டத்தில் அவர் கிடக்க வேண்டாம். வீட்டுக்கு வரட்டும்.

சர்புதீன் தவித்துப் போனார்.

"அவரோட தனிப் படத்துக்கு நகல் தர்றேம்மா. எல்லாரையும் கலந்த படத்துலேர்ந்து அவரை எடுக்கணும்னா முதல்லேர்ந்து செய்யணும்."

"எடுத்துடுங்க. அவர் அங்க வேண்டாம்."

சர்புதீன் ஆசிரியர் பக்கம் திரும்பினார். "மேடம், இத்தனை பேரைக் கலந்த பிறகு இதுல அவர் இருக்காரா, இல்லையா? இருந்தா எங்கன்னு இவங்களுக்குக் காட்டுறது?"

"விளக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க?"

"தனி ஆள் யாரும் தெரியமாட்டாங்கன்னு."

"பார்த்துட்டு எழுதினீங்களா?"

சர்புதீன் விளக்கத்தைத் திறந்து அந்த வரியைத் தேடினார்.

"அவரை விட்டுட்டு இன்னொரு படம் செய்யுங்க" என்றார் ஆசிரியர். "நீங்க அடுத்த வாரம் வாங்கம்மா."

அடுத்த வாரம் போனேன். திரையில் நரம்புப் பாதைகள் நிறநிறமான நூல்களாக ஓடின. ஆசிரியர் ஒரு விசையைத் தட்டினார். அவர் இருக்கும் படம். மறுபடி தட்டினார். அவர் இல்லாத படம். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

"இன்னொரு தடவை" என்றேன்.

அப்போது பார்த்தேன். இடது காதுப் பக்கம் போகிற ஒரு நூல் மட்டும் கொஞ்சம் விலகித் திரும்பியது. தூக்கத்தில் புரளப் பார்த்து, புரளாமல் விட்டதுபோல.

"அதுதான் அவரா?"

"அவரால வந்த அசைவு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சர்புதீன் ஆசிரியரிடம் மெல்லக் கேட்டார். "இதை யார் மேடம் கவனிக்கப் போறாங்க?"

"யாரும் கவனிக்க மாட்டாங்க" என்றார் ஆசிரியர். "ஆனா இனிமே யாரோட படத்தை இதுமேல வெச்சாலும், பொருந்தி வர்றதுக்கு, அந்த இடத்துல இவ்வளவு இவர் பக்கம் நகர்ந்துதான் ஆகணும்."



"அப்படின்னா அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர மனசு அடங்கவில்லை. இரண்டு படங்கள் இருக்கின்றன. நாளைக்கு யாராவது மாற்றி அனுப்பிவிட்டால்? அவர் இல்லாத படத்தை என் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னேன். அழித்த பிறகுதான் நாற்காலியைவிட்டு எழுந்தேன்.