ஊசி படாத இசைத்தட்டு

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. டொப். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொப். யாரோ நனைந்த துணியை எடுத்து எடுத்துக் கல்லின் மேல் வைப்பதுபோல இருந்தது. பெர்னதெத் டீச்சரின் வீட்டுக்குள்ளிருந்துதான் வந்தது. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை.

பாக்கியநாதன் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். டீச்சர் ரெக்கார்ட் பிளேயருக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பாட்டு எப்போதோ முடிந்துபோயிருந்தது. ஊசி கடைசி வளையத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுக்கு ஒரு டொப்.

பாக்கியநாதன் பதறிப்போய் ஊசியைத் தூக்கக் கையை நீட்டினார். டீச்சர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"பாட்டு முடிஞ்சுபோச்சே டீச்சர்."

"ஆமா சார்."

"ஊசி தேஞ்சிடும்."

"தேயும்."

இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் டீச்சர் எழுந்து ஊசியைத் தூக்கி வைத்தார்.

டீச்சர் முன்பு குன்னூரில் ஒரு கான்வென்ட் பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்தவர். அந்த வேலையை விட்டபின், சனிக்கிழமை சாயங்காலங்களில் மலைச்சரிவில் இருந்த தன் பலகை வீட்டில் இசைத்தட்டுகளைப் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். கேட்க வருகிறவர்களும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். இதற்குப் போய் ஒரு குருவா என்று கிளப்பில் சிரித்தார்கள். மகள் வயசுப் பெண்ணிடம் பாடம் படிக்கிற வயசா உனக்கு என்று ஒருவர் பாக்கியநாதனைக் கிண்டல் பண்ணினார். மகள் வயசு என்ற சொல்லோடேயே பாக்கியநாதன் வீடு வந்து சேர்ந்தார்.

அவர் மகள் ஜெசிந்தா பெங்களூரில் படிக்கப் போன இடத்தில் டெங்கு கண்டு இறந்துபோனாள். அடக்கம் எல்லாம் முடிந்து, வந்த சொந்தங்கள் எல்லாம் கிளம்பிப் போனபின் ஒரு பார்சல் வந்தது. அப்பாவின் பிறந்தநாளுக்கென்று அவள் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. உள்ளே ஓர் இசைத்தட்டு. அவளுடைய சிநேகிதன் ஒருவனிடம் தட்டு வெட்டும் இயந்திரம் இருந்தது. அதன் முன்னால் நின்று அவள் பாடப் பாட, ஊசி நேராகத் தட்டிலேயே கீறிக்கொண்டு போயிருக்கிறது. வேறு எதிலும் பதிவு இல்லை. அந்த ஒரே தட்டுதான்.

பார்சல் வந்தது போன மழைக்கும் முந்தி; அதை அவர் இன்னும் போட்டுக் கேட்கவில்லை. அவர் மனைவி ஸ்டெல்லாவும் கேட்கவில்லை.

விசாரித்தபோது, அந்த மாதிரித் தட்டு மெத்தென்று இருக்கும், ஒவ்வொரு தடவை ஊசி போகும்போதும் கொஞ்சம் அழிந்துகொண்டேதான் வரும் என்று சொல்லிவிட்டார்கள். காப்பி எடுத்து போனில் வைத்துக்கொள்ளேன் என்றார் அவர் தம்பி. காப்பி எடுக்கவும் ஊசியை இறக்கத்தானே வேண்டும், முதல் தடவை இறங்குகிற ஊசி தப்பான ஊசியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பாக்கியநாதன் கேட்டார். தம்பி அதோடு விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவர் தட்டைப் போட்டுக் கேட்க நல்ல டர்ன்டேபிள் ஒன்று தேட ஆரம்பித்தார். பெல்ட்டில் ஓடுவது நல்லதா, மோட்டாரே நேராகச் சுற்றுவது நல்லதா என்று படித்தார். தட்டு உட்காரும் வட்டம் கனமாக இருக்க வேண்டும், அடிப்பீடம் ஆடவே கூடாது என்று தெரிந்துகொண்டார். ஒன்றை வரவழைத்தார். காதை வைத்துக் கேட்டால் மோட்டார் முனகுவதுபோல இருந்தது, திருப்பி அனுப்பினார். அடுத்ததில் ஊசியைத் தாங்கும் கை அவருக்குத் திருப்தியாக இல்லை. அதுவும் போனது.

டீச்சரிடமும் வந்த நாளிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் ஒவ்வொரு முறையும், சொல்றேன் சார், உட்காருங்க என்பார். பிறகு ஏதாவது ஒரு தட்டைப் போடுவார். அவ்வளவுதான்.

அன்றைக்கும் கேட்டார்.

"ஆயுசு முழுக்க வெச்சுக் கேக்கணும். எனக்கப்புறமும் அது அப்படியே இருக்கணும். எந்த மெஷின் வாங்கட்டும்?"

"வீட்ல அம்மா என்ன சொல்றாங்க?"

பாக்கியநாதன் கையை விரித்தார். ஸ்டெல்லா முதலில் எப்போது போடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், இப்போது கேட்பதில்லை என்றார். அவள் கவனமே சரியில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். குக்கர் விசில் மேல் விசிலாக அடிக்கும், இவள் பாட்டுக்குப் பக்கத்தில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். காலையில் சன்னலில் வந்து குருவி கத்துகிறதே என்றால், எங்கே என்பாள். கோயம்புத்தூரில் காதைக் காட்டினார்களாம். கீச்சென்ற மெல்லிசான சத்தம்தான் முதலில் போகும், போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னாராம். காதில் மாட்டுகிற மெஷின் பேச்சுக்கு உதவும், அதைத் தாண்டி ஒன்றும் சொல்ல முடியாது என்றாராம்.

"எப்பலேர்ந்து?"

"போன மழையிலேர்ந்து இருக்கும்."

"ஜெசிந்தாவுக்கு எப்படிப்பட்ட குரல்?"

"மெல்லிசு. கோயில்ல எல்லாரும் பாடும்போது அவ குரல் மட்டும் மேல தனியாத் தெரியும்."

இதைச் சொல்லும்போது அவர் முகம் பெருமையாக இருந்தது. சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, அடுத்த சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். தட்டையும் கொண்டுவரச் சொன்னார். மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வந்துவிடச் சொன்னார்.

அப்படியே வந்தார்கள். ஸ்டெல்லா சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, தட்டை மடியில் வைத்து ஒரு டவலால் சுற்றிப் பிடித்திருந்தார். காது மந்தமானவர்களுக்கு வருகிற உரத்த குரல் அவருக்கும் வந்திருந்தது.

"எங்க வீட்டுக்கு மெஷின் வந்து வந்து போவுது டீச்சர். பொண்ணு பாக்க வர்ற மாப்பிள்ளைங்க மாதிரி. ஒருத்தனையும் இவருக்குப் பிடிக்கல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பாக்கியநாதன் தரையைப் பார்த்தார்.

டீச்சர் தன் பழைய பிளேயரின் மூடியைத் திறந்தார். ஓர் ஓரத்தில் உடைந்து ஒட்டுப் போட்ட மூடி. பாக்கியநாதன் அதை எத்தனையோ சனிக்கிழமை பார்த்திருக்கிறார். அன்றுதான் அந்த ஒட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுலயா டீச்சர்?"

"இப்ப இங்க இருக்கிறது இதுதான் சார்."

அவர் மனைவியைப் பார்த்தார். ஸ்டெல்லா டவலை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். பாக்கியநாதன் குரலைத் தாழ்த்தி, சரி, ஊசியின் பாரத்தையாவது குறைத்து வையுங்கள், மகள் மேல் பட்டும் படாமலும் போகட்டும் என்றார்.

டீச்சர் மறுக்கவில்லை. தன் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துப் போட்டார். ஊசியைத் தாங்கும் கைக்குப் பின்னால் இருந்த எடையைத் திருகித் திருகி, ஊசி காகிதம்போல மிதக்கும்படி வைத்தார். இறக்கினார்.

வயலின் ஒன்று எழுந்தது. எழுந்த வேகத்தில் கரகரத்தது. ஊசி பள்ளத்தில் உட்காராமல் துள்ளியது, வழுக்கியது, நடுவில் பாதிப் பாட்டைத் தாண்டிப்போய் விழுந்தது. பாக்கியநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நிறுத்துங்க டீச்சர். தட்டு பாழாப்போயிடும்."

"பாரம் கம்மியாத்தானே இருக்கு?"

"கம்மியா இருந்தாத்தான் கெடுதி. ஊசி அழுந்தி உக்காரணும். உக்காரலேன்னா துள்ளித் துள்ளிப் பள்ளத்தோட சுவரை உடைச்சிடும். யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

டீச்சர் ஊசியைத் தூக்கிவிட்டு எடையைப் பழைய இடத்துக்குத் திருகினார். பாக்கியநாதன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டெல்லாவுக்கு இந்தப் பேச்சு எதுவும் சரியாக விழவில்லை. என்னங்க சொல்றாங்க என்று கேட்டார். ஒண்ணுமில்ல என்றார் இவர்.

டவலுக்குள்ளிருந்து தட்டு வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை. விளக்கு வெளிச்சம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஸ்டெல்லா அதைக் குழந்தையைக் கைமாற்றுவதுபோல டீச்சரிடம் கொடுத்தார். இத்தனை நாளும் பீரோவில் சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்ததாகவும், இவர் வெளியே போயிருக்கும்போது எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவதாகவும் சொன்னார். பாக்கியநாதனுக்கு அது இப்போதுதான் தெரிந்தது.

"எடுத்து என்ன பண்ணுவே?"

இதை அவர் உரக்கத்தான் கேட்டார். ஸ்டெல்லா அவர் உதட்டையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்.

"காதுல வெச்சுப் பார்ப்பேன். ஒண்ணும் வராதுன்னு தெரியும். வெச்சுப் பார்ப்பேன்."

டீச்சர் தட்டைப் பிளேயரில் வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்து ஸ்பீக்கருக்கு முட்டுகிற மாதிரிப் போட்டு ஸ்டெல்லாவை உட்காரவைத்தார். சத்தத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு கூட்டினார். ஸ்டெல்லா மாட்டியிருந்த காது மெஷினைத் தொட்டுச் சரிசெய்துகொண்டு, கைகளை மடியில் கோத்து, பூசைக்குக் காத்திருப்பவர்போல நேராக உட்கார்ந்தார்.

கீழே ரோட்டில் பேச்சுக்குரல் கேட்டது. சனிக்கிழமைக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

டீச்சர் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பாக்கியநாதன் பின்னாலேயே வந்தார்.

"நீங்க இருங்க டீச்சர். ஊசியை நீங்க இறக்குங்க. என் கை நடுங்குது."

"நடுங்கினா பரவாயில்ல சார். இறக்கினதும் அது தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துக்கும்."

"நீங்க கேக்க வேணாமா?"

"நான் வெளியில நின்னு அவங்களை நிறுத்தி வெக்கிறேன். பலகைத் தரை. யாராவது தெரியாம நடந்து வந்தா ஊசி எகிறிடும். உள்ள தாழ் போட்டுக்குங்க."

டீச்சர் படியில் இறங்கினார். பனிமூட்டம் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. பாக்கியநாதன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஸ்டெல்லா இன்னும் திரும்பாமல் ஸ்பீக்கரைப் பார்த்தபடி இருந்தார்.

"டீச்சர்."

டீச்சர் நின்றார்.

"அவ காதுல விழுமா?"

கீழே வருகிறவர்களின் டார்ச் வெளிச்சம் தேயிலைச் செடிகளின் மேல் ஏறி இறங்கியது.

"போன மழைக்கு முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா விழும்னு சொல்லியிருப்பேன் சார்."

பாக்கியநாதன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் ஒருமுறை வழுக்கியது. மறுபடி தள்ளினார். விழுந்தது.