நடுவில் நின்றவர்

மடம் என்று பெயர்தானே தவிர, அது இரண்டு அறையும் ஒரு கிணறும்தான். அங்கே இருந்தவர் வடிவாம்பாள். ஊரார் அவரை மடத்தம்மா என்பார்கள். வயது நாற்பதுக்கு மேல் இருக்காது. அவரிடம் பாடம் கேட்க வந்து தங்கிய அருணகிரிக்கோ அறுபது தாண்டிவிட்டது. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் போகிற இடமெல்லாம் எல்லைக்கல்லைத் தேடுகிற பழக்கம் அவரை விடவில்லை.

அந்த வருஷம் மடத்தை ஒட்டிய மலைக்கு நேர் மேலே வளையச் சூரிய கிரகணம் வந்தது. உச்சிப் பொழுதில் சந்திரன் சூரியனின் நடுவை மறைக்கும். ஓரம் மட்டும் வளையமாக எரியும்.

அருணகிரியின் வலது கண் முன்பே போய்விட்டது. இடது கண்ணும் அடுத்த மழைக்காலம் வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சின்ன வயதில் ஒரு கிரகணத்தன்று அவருடைய அப்பா அவரை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அந்த ஏக்கம் இன்னும் ஆறவில்லை. இதையும் விட்டால் அவ்வளவுதான்.

மலையைச் சுற்றிச் சுற்றி அளந்துவிட்டு வந்து, ஒரு நாள் கேட்டார்.

"அம்மா, கிரகணம் பாக்க நல்ல இடம் எது?"

"நீங்க எங்கெல்லாம் பாத்தீங்க?"

"கோயில் மைதானத்துல புளியமரம் மூடிக்கிட்டு நிக்குது. ஏரிக்கரையில ஊரே குளிக்க வந்துரும். மேல ஆனைப்பாறைதான் தோதா இருக்கு."

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்லம்மா. மரம் இல்ல, வீடு இல்ல, ஆள் இல்ல. என் கண்ணுக்கும் சூரியனுக்கும் நடுவுல எதுவும் நிக்காது."

"சந்திரன் நிக்குமே."

அருணகிரி சிரித்துவிட்டார். "அது ஒண்ணு மட்டும் நிக்கட்டும்."

"சரி. நானும் வர்றேன்" என்றார் மடத்தம்மா.

கிரகணத்தன்று இருவரும் புறப்பட்டபோது ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. கிரகணம் விட்டதும் தலை முழுகுவதற்காக எல்லோரும் ஏரிக்கரைக்குப் போயிருந்தார்கள். கடைசி வீட்டைத் தாண்டினால் பாறைக்கு ஏறும் பாதை. அருணகிரி வேகமாக நடந்தார். அட்டையில் மடித்துச் செய்த கிரகணக் கண்ணாடி சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

கடைசி வீட்டை ஒட்டியிருந்த சரக்கறைக் கதவு வெளியே தாழிட்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"யாரு அங்க? கொஞ்சம் வாங்களேன்."

மடத்தம்மா தாழை நீக்கினார். ஜன்னல் இல்லாத அறை. கூரை உயரம். சுற்றிலும் கடலை மூட்டைகள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடத்தில், நிறைமாதமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் நாகஜோதி. கிரகணம் வயிற்றில் பட்டுவிடக் கூடாது என்று மாமியார் உள்ளே வைத்துத் தாழிட்டுவிட்டு ஏரிக்குப் போயிருந்தாள்.

"பிள்ளை காலையிலேருந்து அசையலைம்மா. எனக்குப் பயமா இருக்கு."

மடத்தம்மா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். எழுந்து வெளியே வந்தார்.

"நர்ஸ் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"நான், அம்மா?"

"பாறைக்கு வழி நேரே போகுது."

அவ்வளவுதான் சொன்னார். ஓடையை நோக்கி இறங்கிப் போய்விட்டார்.

அருணகிரி பாதையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். போகச் சொன்னாரா, இருக்கச் சொன்னாரா என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று மடத்தம்மா மேல் கோபம் வந்தது.

"ஐயா, போயிட்டீங்களா?" என்றது உள்ளேயிருந்த குரல்.

"இல்லம்மா" என்று உள்ளே போனார். கூசியோ என்னவோ, கதவை மட்டும் பாதி திறந்து வைக்கப் பார்த்தார். அவள் பதறினாள். வெளிச்சம் உள்ளே வருமாம். சாத்திவிட்டு ஒரு மூட்டையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பூட்டிய அறை, கிரகணம், அவர். அப்பா நினைவுக்கு வந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதைக் கவனித்தார். தலைக்கு மேலே கூரையில் ஒரு பழைய தகரம். அதில் சில ஆணி ஓட்டைகள். அவற்றின் வழியே இறங்கிய வெளிச்சம் நாகஜோதியின் பக்கத்தில் சின்னச் சின்னப் பொட்டுகளாக விழுந்திருந்தது. எந்தப் பொட்டும் வட்டமாக இல்லை. எல்லாமே பிறை.

அருணகிரிக்குப் புரிந்துவிட்டது. ஓட்டை ஒவ்வொன்றும் சூரியனைப் படம் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பிறைகள் வளையமாகிவிடும். பாறை எதற்கு? கண்ணாடி எதற்கு? நன்றாகப் பார்க்கலாம் என்று கதவோரத் தரையில் குந்தினார்.

வெளிச்சம் மெல்ல நகர்ந்து நாகஜோதியின் வயிற்றின் மேல் ஏறியது.

"ஐயோ, மேல படுதே!"

"ஒண்ணும் பண்ணாதும்மா. இது வெறும் வெளிச்சம். சூரியன்லேருந்து வர்ற கதிர் இருக்குல்ல, அது ஓட்டை வழியா..."

அவள் முந்தானையை இழுத்து இழுத்து மூடினாள். நகரவும் இடமில்லை. மூட்டையோடு மூட்டையாக ஒடுங்கினாள்.

"எனக்கு முதல்ல ஒண்ணு தங்கலைங்க ஐயா" என்று அழுதாள்.

அருணகிரி விளக்கத்தை நிறுத்திக்கொண்டார்.

மூட்டைகளின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, அவளுக்கு மேலே கூரைபோல் குனிந்து நின்றார். வெளிச்சம் முழுவதும் அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் விழுந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டில் ஒரு பெண்ணின் ஈர முகமும் கொஞ்சம் மண் தரையும்தான்.

"இப்ப படுதா?"

"இல்லங்க ஐயா."

இடுப்பு கடுத்தது. இந்நேரம் வளையம் பிடித்திருக்கும் என்று கணக்குப் போட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அசையாமல் நின்றார்.

நாகஜோதி மெதுவாகக் கழுத்தை நீட்டி அவர் தோளுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா..."

"என்னம்மா?"

"உங்க முதுகுல வளையமா விழுந்திருக்கு. பிறந்த பிள்ளைக்குப் போடுற காப்பு மாதிரி. குட்டி குட்டியா."

"எல்லாமே வளையமா? எங்கயாவது விட்டிருக்கா?"

"எங்கயும் விடலைங்க. முழுசா இருக்கு." அவள் குரலில் பயம் போயிருந்தது. "அழகா இருக்குய்யா."

பிறகு சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அசையுது! ஐயா, உதைக்குது!"

மடத்தம்மா நர்ஸோடு வந்து சேர்ந்தபோது அருணகிரி அப்படியேதான் நின்றிருந்தார். நர்ஸ் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டாள். துடிப்பு நன்றாக இருந்தது.

"காலையிலேருந்து பச்சைத்தண்ணி கூடக் குடிக்கலைன்னா பிள்ளை எப்படிம்மா விளையாடும்?" என்று திட்டிக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். எதற்கும் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடலாம் என்றாள்.

அருணகிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வெயில் பழையபடி ஏறத் தொடங்கியிருந்தது. மேலே ஆனைப்பாறை காலியாகக் கிடந்தது.

"பாத்தீங்களா?" என்று கேட்டார் மடத்தம்மா.

"இல்லம்மா. என் முதுகுல விழுந்துச்சு. அந்தப் பொண்ணுதான் பாத்துச்சு."

"எப்படி இருந்துச்சாம்?"

"பிள்ளைக் காப்பு மாதிரின்னு சொல்லுச்சு."

மடத்துக்குத் திரும்பி நடந்தார்கள். அருணகிரி பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை.

"எவ்வளவு இடம் அளந்தேன். கடைசியில ஒண்ணுமே பாக்க முடியாத இடத்துல போய் நின்னுட்டேனே, அம்மா."

"நடுவுல நின்ன சந்திரனுந்தான் பாக்கலை, ஐயா" என்றார் மடத்தம்மா.