பதிவு இலவசம்

அருப்புக்கோட்டையில் தையல் சாமான் கடை வைத்திருந்தார் சுலைகா. நூல், லைனிங் துணி, ஊக்கு, பட்டன். அவரிடம் தொழில் கற்றுப் போன இரண்டு பேர் இப்போது சொந்தமாகக் கடை நடத்துகிறார்கள்.

மூன்றாவதாக வந்தவன் தவசிலிங்கம். அவன் வீட்டில் முதல் பட்டதாரி. தையல்காரர்களுக்கு வாரம் ஒரு கடிதம் மெயிலில் அனுப்புவது அவன் வேலை. கழுத்து எப்படி வெட்டுவது, எந்தத் துணி சுருங்கும் என்று சுலைகா சொல்லுவார். அவன் எழுதுவான். கடிதம் பன்னிரண்டு பேருக்குப் போனது. அதில் ஒருவர் அவனே.

ஒருநாள் கேட்டான்.

"ஆள் சேரவே மாட்டேங்குதுக்கா. கடிதத்தை நிறுத்திடுவீங்களா?"

"சேரலேன்னா நிறுத்தத்தான் வேணும்."

அந்தக் கடிதம் நின்றால் அவனுக்கு அங்கே வேறு வேலை இல்லை.

"எங்க போய்ச் சேக்குறது?"

"கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே கேக்குற. தெருவுல போய்ப் பாரு."

மறுநாள் காலை தாலுகா ஆபீசுக்கு எதிரே, நிழலாக இருந்த இடத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தான். பெயர், தெரு, மெயில் ஐடி என்று படிவம் அடித்து வைத்திருந்தான். மெயிலுக்குத் தெரு தேவையில்லை. ஆனாலும் படிவம் என்றால் தெரு இருக்கும் என்று நினைத்தான். மேசை முன்னால் ஓர் அட்டை: பதிவு இலவசம்.

முதலில் ஒரு பெண் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். பிறகு வரிசை.

"மெயில் ஐடி சொல்லுங்கம்மா."

"அது என்னன்னு தெரியலையே சார். இந்தப் போன்ல இருக்குமா, பாருங்க."

போன் விற்ற கடைக்காரர் போட்டுக் கொடுத்த ஐடி உள்ளே இருந்தது. தவசி அதைத் தேடி எழுதிக்கொண்டான். அவனை யாரும் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை.

மதியத்துக்குள் வரிசை ரோட்டைத் தொட்டது. குனிந்த தலை நிமிராமல் எழுதினான்.

"பேரு?"

"சுலைகா பீவி."

"தெரு?"

"நீ தினம் வர்ற தெருதான்."

நிமிர்ந்தான்.

"அக்கா, நீங்க எதுக்கு வரிசையில?"

"முன்னால நின்ன அம்மாகிட்ட இது எதுக்குன்னு கேட்டேன். தெரியாது, பேர் எழுதுறாங்க, விட்டா போச்சுன்னாங்க. பின்னால நிக்கிறவரு மாசாமாசம் பணம் வரும்ங்கிறாரு. எது சரி?"

தவசி யாரிடமும் பொய் சொல்லவில்லை. யாரும் அவனிடம் கேட்கவும் இல்லை.

"கடிதம் வரும்க்கா. வாரத்துக்கு ஒண்ணு."

"எனக்குச் சொல்லி என்ன? கடைசி ஆளுக்குக் கேக்கணும்."

எழுந்து நின்றான். இது அரசாங்கப் பதிவு இல்லை, பணம் வராது, தையலைப் பற்றிய கடிதம்தான் வரும் என்றான். இரண்டாம் முறை சொன்னபோதுதான் குரல் வந்தது.

"கூலிக்குப் போகாம வந்து நிக்கிறேன்யா" என்றார் ஒரு பெண். கையில் ரேஷன் கார்டு ஜெராக்ஸ்.

"படிச்ச புள்ள பண்ற வேலையா இது?"

"நான் அப்பவே நெனச்சேன். ஆபீசர்னா இவ்வளவு மரியாதையாவா பேசுவான்?"

வரிசை கலைந்தது. ஒரு பெண் மட்டும் போகவில்லை.

"தம்பி, நான் தைக்கிற ஜாக்கெட்டு கையத் தூக்குனா மேல ஏறுதுன்னு சண்டைக்கு வர்றாங்க. அதுக்கு எழுதுவீங்களா?"

"எழுதுவோம்மா."

"அப்ப எம்பேரு போடு. எதைத் தொட்டா கடிதம் தெறக்கும்னு காட்டிட்டுப் போ."

காட்டினான். அவர் தானே இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

காலையிலிருந்து எழுதிய படிவங்கள் மேசைமேல் கட்டாகக் கிடந்தன.

"இவங்கல்லாம் பணம் வரும்னு வீட்டுல காத்திருப்பாங்களேக்கா."

"ஆமா."

"இப்பவே மெயில் போட்டுச் சொல்லிடுறேன்."

"போடு."

போனில் இரண்டு வரி எழுதினான். விரல் நின்றது.

"அக்கா."

"என்ன?"

"இவங்க யாரும் மெயிலைத் தெறந்தே பாக்க மாட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவனுக்கே கேட்டது. படிவங்களைப் பார்த்தான். சுலைகா அட்டையைக் கழற்றினார். மேசையின் கால்களை மடக்கினார்.

"அப்ப கடிதம் நின்னுருமாக்கா?"

"நாளைக்கு அந்த ஜாக்கெட் அம்மாவுக்கு எழுதணும்" என்றார் சுலைகா. "மேசைய நான் தூக்கிட்டுப் போறேன். தெருப் பேரு வாங்கியிருக்கேல்ல, நீ ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லிட்டு வா."