மகாராஜாவின் மூக்கு

பக்கத்து நாட்டு ராஜாவின் படையை விரட்டியாயிற்று. கொடி ஏற்றியாயிற்று. தாரை தப்பட்டை எல்லாம் முழக்கியாயிற்று. ஆனால் சந்தைக்குப் போனால் ஜனங்கள் மடியிலிருந்து எடுத்து நீட்டியது அந்த விரட்டப்பட்ட ராஜாவின் காசைத்தான். வேறு காசு ஏது?

புது மகாராஜாவுக்கு அது முள்ளாய்க் குத்தியது. காசு அடிக்கும் அக்கசாலைக்கு நேரே வந்துவிட்டார்.

அக்கசாலைக்குத் தலைமை பொன்னாச்சி. முப்பது வயசு. அச்சு வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பேச்சு குறைவு.

"நம் நாட்டுக்கென்று ஒரு காசு வேண்டும்," என்றார் மகாராஜா. "என் ஜனங்கள் மறுபேச்சில்லாமல் கை நீட்டி வாங்க வேண்டும். செய்து தருவாயா?"

"தருகிறேன்."

"வருகிற சந்தைக்கு அது வெளியே வர வேண்டும். செல்லாமல் திரும்பினால் அக்கசாலையைப் பூட்டிவிடுவேன். அப்புறம் அந்தப் பயலின் காசையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்."

"சரி."

காசுக்கு மகாராஜாவின் முகம் வெட்டும் வேலை கோதண்டருக்குப் போயிற்று. கோதண்டர் கோயில் சிற்பி. யாளியின் வாய்க்குள் கல் உருண்டையை உருள விட்டவர். தலை நரைத்த பிறகு அச்சு வேலை மேல் ஆசை வந்து பொன்னாச்சியிடம் சீடராய்ச் சேர்ந்திருந்தார். மகள் வயசுக்காரியை "தாயே" என்றுதான் கூப்பிடுவார். அவள் "சிற்பியாரே" என்பாள். கோபம் வந்தாலும் அதே சொல்தான்.

இரும்பு அச்சில் முகத்தைக் குழியாக வெட்ட வேண்டும். அதில் வெள்ளி வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தால், குழி அத்தனையும் காசில் மேடாக எழும். அவ்வளவுதான் வித்தை.

சந்தைக்கு முந்தின நாள் காலையில் முதல் அடி விழுந்தது. கோதண்டர் காசைக் கையில் எடுத்தார். பட்டறையே அதிர்ந்தது.

"தாயே! ஓடி வாருங்கள்! மகாராஜா மூச்சு விடுகிறார்!"

பொய்யில்லை. மீசையில் முறுக்கு தெரிந்தது. கழுத்து முத்துமாலையில் முத்து தனித்தனியாய் இருந்தது. காதில் கடுக்கன் ஆடுகிற மாதிரியே இருந்தது. மூக்கு மட்டும் கழுகு அலகாய் எழும்பி நின்றது. தடவினால் விரலில் குத்தியது.

"அடியுங்கடா! நிறுத்தாதீர்கள்!" என்று சம்மட்டிக்காரர்களைப் பார்த்துக் கத்தினார் கோதண்டர். பிறகு குருவின் பக்கம் திரும்பினார். "தாயே, ஒன்று கேட்கிறேன். காசுக்கு உயிர் முகம்தானே?"

பொன்னாச்சி காசுகளைப் பார்த்தாள்.

"ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்குங்கள்."

"எதற்கு?"

"அடுக்குங்கள்."

இரண்டாவது காசு தள்ளாடியது. மூன்றாவது சரிந்து உருண்டு துருத்திக்கு அடியில் போயிற்று.

"மறுபடி."

மறுபடியும் சரிந்தது.

"பலகை சரியில்லை, தாயே. மேடு பள்ளம்."

அவள் தன் மடியை அவிழ்த்தாள். விரட்டப்பட்ட ராஜாவின் காசுகளை அதே பலகையில் வைத்தாள். கோதண்டர் அடுக்கினார். தூண் மாதிரி நின்றது. மேல் காசைக் குனிந்து பார்த்தார். கண் இல்லை, வாய் இல்லை. கை பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தது.

"இவனுக்கு முகமே இல்லையே!"

"இல்லை. நாளைக்கும் சந்தையில் இவன்தான் நிற்பான். உங்கள் ஆள் உருளுவார்."

சொல்லிவிட்டுச் சாணைக்கல்லை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"அச்சைத் தேயுங்கள்."

கோதண்டர் பின்னால் நகர்ந்தார். அச்சின் மேல்பரப்பைத் தேய்த்தால் குழியின் ஆழம் குறையும். மூக்கு அடங்கும், சரி. ஆனால் மெல்லிசாய்க் கீறியது எல்லாம் அடியோடு போய்விடும். முத்து, கடுக்கன், மீசை முறுக்கு எல்லாமே போகும்.

"மெழுகில் செய்து காட்டியபோது இந்த மூக்கைப் பார்த்துத்தான் மகாராஜா எனக்குச் சால்வை போர்த்தினார், தாயே!"

"சால்வையைக் கொண்டு வாருங்கள். அச்சைத் துடைக்க ஆகும்."

"தலை போகும்!"

"இரண்டு தலை. தேயுங்கள்."

தேய்த்தார். முதலில் முத்து போயிற்று. பிறகு கடுக்கன். மீசை முறுக்கு போகும்போது கண்ணை மூடிக்கொண்டார். அடித்தார்கள், அடுக்கினார்கள். நின்றது. முகத்தை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் சந்தை நடுவில் பலகை போட்டார்கள். பழைய காசைக் கொடுத்துப் புதுசை வாங்கிக்கொள்ளலாம். எடையும் அகலமும் இரண்டுக்கும் ஒன்றே. அது பொன்னாச்சி ஏற்பாடு.

யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. எல்லாரும் எட்ட நின்று பார்த்தார்கள்.

கடைசியில் ஒரு மாட்டுத் தரகர் வந்தார். புதுக் காசைக் கடித்தார். கல்லில் சுண்டிவிட்டுக் காது கொடுத்தார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆள் யாருங்க? எங்க மாமனார் சாடை தெரியுது."

"மகாராஜா ஐயா, மகாராஜா!" என்றார் கோதண்டர்.

"அட! போரில் இப்படி இளைச்சுட்டாரா?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. தரகர் காசுகளை உள்ளங்கையில் அடுக்கிப் பார்த்தார். துணியில் சுருட்டினார். இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான். "எனக்கு, எனக்கு!" என்று மொய்த்தார்கள். பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. "வரிசை! வரிசை!" என்று கத்திக் கத்திக் கோதண்டருக்குத் தொண்டை கட்டியது. கொஞ்ச நேரத்தில் கடிப்பாரும் இல்லை, சுண்டுவாரும் இல்லை.

உச்சி வேளையில் தலையில் துண்டு கட்டிய ஒருவர் நெருக்கிக்கொண்டு வந்தார். மூக்கைப் பார்த்ததும் பொன்னாச்சிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு காசை எடுத்து நீட்டினாள்.

மகாராஜா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முத்துமாலை எங்கே? மீசை முறுக்கு எங்கே?"

"தேய்ந்துவிட்டது, மகாராஜா," என்றார் கோதண்டர்.

"ஒரே நாளிலா?" மகாராஜாவின் கை இடுப்புக் கத்திக்குப் போயிற்று. "இதுவா நான் பார்த்த முகம்?"

பொன்னாச்சி எதிரே இருந்த வெற்றிலைக் கடையைக் காட்டினாள்.

"அதைக் கொடுத்து வெற்றிலை வாங்கி வாருங்கள்."

மகாராஜா முறைத்தார். போனார். கடையில் ஒரே கூட்டம்.

"ஏ துண்டு! வெயிலை மறைக்காதே. என்ன வேணும்?" என்றாள் வெற்றிலைக்காரி.

மகாராஜா காசை நீட்டினார். அவள் ஒரு கையால் வெற்றிலையை எண்ணிக்கொண்டே மறு கையால் அதை வாங்கி, பக்கத்திலிருந்த காசு அடுக்கின் மேல் வைத்தாள். கீழே விரட்டப்பட்ட ராஜாவின் காசுகள், மேலே இவருடையது. அடுக்கு அசையவில்லை.

"இந்தா, பிடி. அடுத்தது யாரு?"

மகாராஜா வெற்றிலையோடு திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை! காசிலும் பார்க்கவில்லை!"

கோதண்டர் குருவைப் பார்த்தார்.

"பார்க்காமல் வாங்கிக்கொண்டாள், மகாராஜா," என்றாள் பொன்னாச்சி. "அப்படி ஒரு காசுதானே கேட்டீர்கள்?"