எட்டு மைனாக்கள்

ஆற்றங்கரைக் காட்டில் செவத்தி என்றொரு கீரி இருந்தாள். வெள்ளம் வந்தால் கரையோர வளைகளில் இருப்பவர்களை மேட்டுக்கு விரட்டுவது அவள் வேலை. மருதமர உச்சியில் இருக்கும் இரட்டைவால் குருவி, தண்ணீர் நெருங்கும் வளைகளை ஒவ்வொன்றாகக் கூவிச் சொல்லும்.

ஒருநாள் அவள் முயல் வளைக்குள் இருந்தபோது குருவி எலி வளையைச் சொன்னது. அவள் காதில் விழவில்லை. எலியின் இரண்டு குஞ்சுகளை ஆறு கொண்டுபோய்விட்டது.

"நான் சொன்னேனே!" என்றது குருவி.

"வளைக்குள் இருந்தால் எப்படிக் கேட்கும்? கொஞ்சம் நிதானமாகச் சொல்லேன்."

"ஆறு நிதானமாக வருமா?"

செவத்திக்கு அன்று இரை இறங்கவில்லை. இனி ஒரு சொல்லையும் விடுவதில்லை என்று மைனாக்களிடம் போனாள். ஏற்பாடு இதுதான்: குருவி கூவும் ஒவ்வொரு வளையின் பெயரையும் ஒரு மைனா நினைவில் வைத்திருக்கும்; ஒரு மைனாவுக்கு ஒரு சொல். அவள் வந்ததும் எல்லாச் சொற்களையும் வாங்கிக்கொண்டு அடுத்த சுற்று ஓடுவாள்.

மைனாக்களுக்கு ஒரே உற்சாகம். நாற்பது பேர் மருதமரக் கிளையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த வெள்ளத்தில் ஒரு சொல்லும் தவறவில்லை. நாற்பது பேர் இருக்கிறார்களே என்று செவத்தி வளைக்கு வளை நின்று மூட்டை கட்டவும் உதவினாள். சொற்கள் கிளையிலேயே காத்துக் கிடந்தன. கடைசிச் சொல்லை வாங்கிக்கொண்டு அவள் ஆமை வளைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆமை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"நல்ல நேரத்தில் வந்தாய். முயலாக இருந்திருந்தால் இந்நேரம் நான் இல்லை" என்றது ஆமை.

செவத்தி தலைகுனிந்தாள். மழை விட்டதும் குருவியை வெள்ள நாள் போலவே கூவச் சொல்லிவிட்டு, கடைசி வளைவரை ஓடித் திரும்பினாள். அதற்குள் ஏழு சொற்கள் வந்திருந்தன.

"ஏழு சொல்லுக்கு ஏழு பேர், கைக்காவலுக்கு ஒருவர். எட்டுப் பேர் போதும். மற்றவர்கள் போகலாம்."

"ஒன்பதாவது சொல் வந்தால்?" என்றது ஒரு மைனா.

"வருமுன் நான் திரும்பியாக வேண்டும். அது என் கால்களின் பொறுப்பு."

மூன்றாவது வெள்ளம் நண்பகலில் வந்தது. செவத்தி எந்த மூட்டையையும் திரும்பிப் பார்க்கவில்லை. அடம்பிடித்த கிழநரியின் காதைக் கடித்தே இழுத்து வந்தாள். மரத்தடிக்கு வந்தபோது எட்டு மைனாக்களும் நிரம்பியிருந்தார்கள். ஒன்பதாவதைச் சொல்லக் குருவி வாய் திறந்தது. அதற்குள் எட்டையும் வாங்கிக்கொண்டு அவள் ஓடிவிட்டாள்.

மாலையில் குருவி மேட்டுக்கு இறங்கி எண்ணிப் பார்த்தது. அது சொன்ன வளைகள் இருபத்து மூன்று. நனைந்துபோய் அங்கே நின்ற குடும்பங்களும் இருபத்து மூன்று.

வருவதன் வேகத்தைக் குறைக்க முடியாதபோது, வாங்கிவைக்கும் இடத்தை அளந்து வையுங்கள். சிறிதானால் சிந்திப்போகும், பெரிதானால் ஊசிப்போகும்.